போதகர்களுக்கு ஜெபம் கத்துக்குடுக்கற பயிற்சி: பக்கத்துல மைக் பிடிச்சு நின்னவளோட ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், நான் இந்த பயிற்சிக்கு கத்துக்கப் போகல, மொழிபெயர்க்கப் போனேன். வெளிநாட்டுல இருந்து டீம் வந்து சபைத் தலைவர்களுக்கு கிளாஸ் எடுக்கும்போது பக்கத்துல இன்னொரு மைக் வச்சுகிட்டு நிப்பாங்கல்ல, அந்த ஆள் நான். பல வருஷமா நின்னு நின்னு இந்த மாதிரி கிளாஸ்னா இப்படித்தான் இருக்கும்னு மனசுல பதிஞ்சு போச்சு. மூணு நாள், கையில ஒரு ஃபைல், வரிசையா ஸ்லைடு, கடைசி நாள் சர்டிபிகேட், குரூப் போட்டோ. ஜெபத்தைப் பத்தின கிளாஸ்னாலும் அதே கதைதான், காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஜெபத்தைப் பத்தியே பேசுவோம், ஆனா ஜெபிக்கறது ஆரம்பத்துல ரெண்டு நிமிஷம், முடியும்போது ரெண்டு நிமிஷம்.

அதனால இந்த பயிற்சிக்கு கூப்பிட்டப்பவும் அதே எண்ணத்துலதான் போனேன். ரெண்டு வருஷ பயிற்சி, அஞ்சு அஞ்சு நாளா நாலு மாட்யூல், நடுவுல மாசாமாசம் மூணு பேர் மூணு பேரா போன்ல பேசிக்கணும், ஒரு பேட்சுக்கு இருபத்தி ரெண்டு பேர்தான். நடத்தறவங்க பேரை இங்க நான் போடல, வேணும்னேதான் போடல, ஏன்னா அவங்க போற இடங்கள்ல சிலது சபைத் தலைவர்னு வெளிய சொல்லிக்கவே முடியாத இடம். இந்த மாதிரி பயிற்சி உங்களைத் தேடி வந்தா எதைப் பாக்கணும், எதைக் கேக்கணும்னு தெரியணும்ல, அதுக்குத்தான் இதை எழுதறேன்.

முதல் நாள் காலைல நடந்ததை அப்படியே சொல்றேன். பாடம் எடுக்க வந்த அம்மா ஸ்லைடு எதுவும் போடல. மாற்கு பத்தாம் அதிகாரத்துல பர்திமேயு பகுதி, ஏழே வசனம், அதை என்னை தமிழ்ல மூணு தடவை மெதுவா வாசிக்கச் சொன்னாங்க. அப்புறம், நான் உனக்கு என்ன செய்யணும்னு இருக்கறன்னு இயேசு அந்த குருடன்கிட்ட கேட்டார்ல, அதே கேள்விய இப்ப உங்ககிட்ட கேக்கறார், நாப்பது நிமிஷம் கழிச்சு பாக்கலாம்னு சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. அவ்வளவுதான். நான் மைக் ஆன்ல வச்சுகிட்டு நின்னுட்டே இருந்தேன், அடுத்த வாக்கியம் வரும்னு. வரவே இல்ல. அவங்க என்னைப் பாத்து கையால நீயும் உக்காருன்னு காட்டினாங்க.

உக்காந்தேன். முதல் பத்து பதினஞ்சு நிமிஷம் மனசு சும்மாவே இல்ல, ஆவிக்குரிய வாழ்க்கைல ஒருத்தர் உள்ளுக்குள்ள உருவாகி வர்றதை இவங்க "ஃபார்மேஷன்"னு சொல்றாங்களே, அதுக்கு தமிழ்ல என்ன போடலாம், மத்தியானம் செஷனுக்கு எந்த வார்த்தை சரியா வரும்னு அதுலயே ஓடிட்டு இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் அந்த கேள்வி உள்ள இறங்குச்சு. என்ன வேணும் உனக்கு? சபைக்கு என்ன வேணும்னு கேட்டா டக்குனு சொல்லுவேன், ஆபரேஷனுக்குப் போற சகோதரிக்கு என்ன வேணும், வேலை தேடற தம்பிக்கு என்ன வேணும், எல்லாம் தெரியும். எனக்குன்னு கேட்டா ஒண்ணும் வரல. எத்தனை வருஷமா மத்தவங்களுக்காக மட்டுமே வாயைத் திறந்திருக்கேன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, கண்ணு கலங்கிடுச்சு. சுத்திப் பாத்தா எனக்கு மட்டும் இல்ல. அங்க இருந்த எல்லாருமே ஜெபிக்கறதே வேலையா ஆகிப்போன ஆளுங்க, மைக்ல ஜெபிப்பாங்க, ஆஸ்பத்திரில ஜெபிப்பாங்க, கல்யாணத்துல ஜெபிப்பாங்க, ஆனா யாரும் கேக்காத நேரத்துல அவங்க ஜெபம் எப்படி இருக்குன்னு அவங்ககிட்ட யாருமே கேட்டதில்ல. இந்த பயிற்சி ரெண்டு வருஷமும் அந்த ஒரு கேள்வியை விடவே இல்ல, நான் இதுக்கு இவ்வளவு மதிப்பு குடுக்கறதும் அதனாலதான்.

இப்ப மொழி விஷயத்துக்கு வரேன், இதுல நான் கொஞ்சம் நீளமா பேசுவேன், பொறுத்துக்கோங்க, என் பொழப்பே இதுதான். முதல் மாட்யூலுக்கு அவங்க கொண்டு வந்த தமிழ் கையேட்டை யாரோ அவசரத்துல மெஷின்ல போட்டு எடுத்திருக்காங்க. "ரூல் ஆஃப் லைஃப்"னு ஒரு விஷயம் இருக்கு, ஆறாம் நூற்றாண்டுல பெனடிக்ட்ங்கற துறவி தன்னோட மடத்துக்கு 73 அதிகாரத்துல எழுதி வச்சாரே அந்த வழில வர்றது, ஒரு நாளை எப்படி வாழணும், எப்ப ஜெபம் எப்ப வேலை எப்ப ஓய்வுன்னு முன்கூட்டியே தீர்மானிச்சு வைக்கறது. அதை கையேட்டுல "வாழ்க்கை விதி"ன்னு போட்டிருந்தாங்க. விதின்னா தலையெழுத்து, எல்லாரும் அப்படித்தான் படிச்சாங்க, ஒரு பாஸ்டர் எழுந்து "நாம விதிய நம்பறதில்லையே"ன்னு கேட்டே கேட்டுட்டார். "ஸ்பிரிச்சுவல் டைரக்டர்"ங்கறது "ஆன்மீக இயக்குநர்"னு இருந்துச்சு, அதைக் கேட்டா சினிமா டைரக்டர்தான் ஞாபகத்துக்கு வரும், அதோட அந்த வேலைக்கும் அது பொருந்தவே இல்ல, அந்த ஆள் யாரையும் இயக்கறது கிடையாது, கூட உக்காந்து கேப்பார், ஆண்டவர் உன்கிட்ட என்ன பேசறார்னு நீயே கவனிக்கறதுக்கு உதவி பண்ணுவார்.

அன்னிக்கு ராத்திரி நானும் நாலு பாஸ்டர்மாரும் உக்காந்து வார்த்தைய எல்லாம் மாத்தினோம். டைரக்டருக்கு "வழித்துணை"ன்னு வச்சோம், எல்லாருக்கும் உடனே புரிஞ்சுது. ரூலுக்கு "வாழ்வின் ஒழுங்கு". ஃபார்மேஷனுக்குத்தான் ரொம்ப தேடினோம், "உருவாக்கம்"னு போட்டா ஏதோ ஃபேக்டரில பொருள் தயார் பண்ற மாதிரி இருக்கு. கடைசில வயசான பாஸ்டர் ஐயா ஒருத்தர் வேதத்தைத் திறந்து கலாத்தியர் 4:19 காட்டினார், "கிறிஸ்து உங்களிடத்தில் உருவாகுமளவும்". அதுலயே இருக்கு. நாம உருவாக்கறது இல்ல, அவர் நமக்குள்ள உருவாகறது, அதுவும் பவுல் அதை கர்ப்பவேதனைன்னு சொல்றார், அப்ப அஞ்சு நாள்ல ஆகற காரியம் இல்லன்னும் அதே வசனத்துலயே தெரியுது. மறுநாள் காலைல இதை நான் இங்கிலீஷ்ல எடுத்துச் சொன்னப்ப அந்த அம்மா நோட்டை எடுத்து எழுதிக்கிட்டாங்க, இனிமே மத்த நாட்டுலயும் முதல் ராத்திரி இப்படி உக்காந்து வார்த்தை தேடுவோம்னாங்க. எழுதிக்கறவங்க கிட்ட கத்துக்கறதுக்கு எனக்கு ரொம்ப பிடிக்கும்.

"டிசிப்ளின்"க்கும் இதே பிரச்சனைதான். ஒழுக்கம்னா குணநலன் ஆயிடும், சிட்சைன்னா அடி வாங்கறது ஆயிடும். 1 தீமோத்தேயு 4:7ல "தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு"ன்னு இருக்கே, அந்த முயற்சிக்கு கிரேக்கத்துல இருக்கற வார்த்தைல இருந்துதான் ஜிம்னாஸியம்ங்கற சொல்லே வருதுன்னு சொன்னாங்க, உடம்பைப் பழக்கற மாதிரி பழக்கறது. அதுக்கப்புறம் நாங்க "பழக்கம்"னே சொல்ல ஆரம்பிச்சிட்டோம்.

பாடத்துல என்னென்ன இருந்துச்சுன்னா, வேதத்தை மெதுவா வாசிச்சு ஜெபிக்கறது, 12ஆம் நூற்றாண்டு துறவி இரண்டாம் கீகோ அதை வாசிப்பு, தியானம், ஜெபம், அமர்ந்திருத்தல்னு நாலு படியா எழுதி வச்சது. 16ஆம் நூற்றாண்டுல இயேசு சபையை ஆரம்பிச்ச இக்னேஷியஸ் சொல்லிக்குடுத்த மாதிரி நாள் முடிவுல அந்த நாளைத் திரும்பிப் பாக்கறது. அப்புறம் தனிமை, ஓய்வுநாள், உபவாசம், பாவஅறிக்கை, புலம்பல். சர்ச் ஹிஸ்டரியை தனி பாடமா எடுக்கல, ஒவ்வொரு பழக்கத்தையும் செஞ்சு பாத்த பின்னாடி இது யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் சொன்னாங்க, இந்த வரிசை ரொம்ப சரி, முதல்லயே நூற்றாண்டு கணக்கு சொல்லியிருந்தா பாதி பேர் தூங்கியிருப்பாங்க.

ஆனா ரெண்டாம் நாளே எதிர்ப்பு வந்துச்சு. இது வரும்னு எனக்கு முன்னாடியே தெரியும். ஒரு மூப்பர் நேரா எழுந்து, இது கத்தோலிக்கக் காரியம், மனசைக் காலியா வைக்கறது நம்ம வழி இல்லன்னார். கேட்டது நல்ல கேள்வி, பதிலும் நல்லா வந்துச்சு. சங்கீதம் 1ல இரவும் பகலும் வேதத்துல தியானமா இருக்கறவன்னு இருக்கே, அந்த எபிரெய வார்த்தை "ஹாகா", அதுக்கு வாய்க்குள்ள முணுமுணுக்கறதுன்னு அர்த்தம். அதே வார்த்தைதான் ஏசாயா 31:4ல இரையைப் பிடிச்ச சிங்கம் உறுமறதுக்கு வருது, 38:14ல புறா புலம்பறதுக்கும் வருது. அப்ப வேதம் சொல்ற தியானம் மனசைக் காலி பண்றது இல்ல, வாய் நிறைய வசனத்தை வச்சுகிட்டு விடாம மெல்லறது. சிங்கம் எலும்பை வச்சுகிட்டு உறுமற மாதிரின்னு நான் தமிழ்ல சொன்னப்ப அந்த மூப்பர் முகம் மாறினதை நான் கிட்ட இருந்து பாத்தேன். அதோட விடாம, புராட்டஸ்டன்ட் சபைகளுக்கு வழி போட்ட மார்ட்டின் லூதரையும் கொண்டு வந்தாங்க. 1535ல லூதரோட முடிதிருத்துபவர் பீட்டர் எப்படி ஜெபிக்கறதுன்னு அவர்கிட்ட கேட்டதுக்கு லூதர் ஒரு சின்ன புத்தகமே எழுதிக் குடுத்தார், பத்துக் கட்டளைல ஒவ்வொண்ணா எடுத்து, இது எனக்கு என்ன கத்துக்குடுக்குது, எதுக்கு நன்றி சொல்லணும், எதை அறிக்கை பண்ணணும், என்ன கேக்கணும்னு நாலு இழையா பின்னற மாதிரி. கத்தி கையில இருக்கும்போது மனசு வேற எங்கயாவது போனா வாடிக்கையாளர் மூக்கோ தொண்டையோ போயிடும், ஜெபத்துக்கும் அந்த கவனம் வேணும்னு அதுல லூதர் சொல்றார். ஒரு முடிதிருத்துபவருக்கு அவ்வளவு பெரிய ஆள் உக்காந்து எழுதினார்ங்கறது எங்க எல்லாரையும் தொட்டுச்சு.

தலைவர்களுக்குன்னே எடுத்த ஒரு செஷனைப் பத்தி கண்டிப்பா சொல்லணும். நாலாம் நூற்றாண்டுல எகிப்து வனாந்தரத்துல இருந்த எவாக்ரியஸ்ங்கறவர் துறவிகளுக்கு வர்ற ஒரு சோர்வைப் பத்தி எழுதியிருக்கார், அகேடியான்னு பேரு, 91ஆம் சங்கீதத்துல மத்தியானத்துல பாழாக்கற சங்காரம்னு வருதே அதோட சேத்து அவர் அதை மத்தியானப் பிசாசுன்னு சொல்றார். அது பிடிச்சவனுக்கு நாள் நகரவே நகராது, அறைக்கு வெளிய வந்து வந்து சூரியன் எங்க இருக்கு, சாப்பாட்டு நேரம் வந்துடுச்சான்னு பாப்பான், இருக்கற இடம் பிடிக்காது, கூட இருக்கறவங்களுக்கு அன்பே இல்லன்னு தோணும், வேற இடம் போனா நல்லா இருப்பேன்னு நினைப்பான். இதை நான் வாக்கியம் வாக்கியமா தமிழ்ல சொல்லச் சொல்ல அறைல சத்தமே இல்ல. ஒரு இளம் பாஸ்டர் டீ பிரேக்ல வந்து, அக்கா அது அப்படியே நான்தான், நான் சூரியனுக்குப் பதிலா போனைப் பாக்கறேன்னு சொன்னார். நான் விசுவாசத்துல குறைஞ்சுட்டேன்னு இத்தனை நாள் என்னையே அடிச்சுகிட்டு இருந்தேன், ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னாடியே இதுக்கு ஒருத்தர் பேர் வச்சிருக்கார்னு எனக்குத் தெரியாதேன்னார். ஒரு நோய்க்கு பேர் தெரிஞ்ச நிம்மதி அவர் முகத்துல இருந்துச்சு.

புலம்பல் செஷன்தான் எல்லாத்தையும் விட ஆழமா போச்சு. 150 சங்கீதத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல புலம்பல், ஆனா நம்ம ஆராதனைல அது எவ்வளவு வருது, யோசிச்சுப் பாருங்க. "கர்த்தாவே, எதுவரைக்கும்"னு ஆரம்பிக்கற 13ஆம் சங்கீதத்தை எடுத்தாங்க, ஆறே வசனம், முதல் ரெண்டு முறையீடு, அடுத்த ரெண்டு விண்ணப்பம், கடைசி ரெண்டு நம்பிக்கை. இதே அமைப்புல அவங்கவங்க சொந்தமா எழுதணும். கலாத்தியர் வசனம் காட்டினாரே அந்த ஐயா, முப்பத்தெட்டு வருஷ ஊழியம், ஒரு மணி நேரம் பேப்பரையே பாத்துட்டு இருந்துட்டு கடைசில என்கிட்ட நீட்டினார், இதை அவங்களுக்கு இங்கிலீஷ்ல சொல்லும்மான்னு. பேப்பர்ல "எதுவரைக்கும்"னு ஒரே ஒரு வார்த்தை. சின்ன எழுத்துல, பேப்பரோட நடுவுல. நான் வாயைத் திறந்தேன், சொல்ல வரல. அந்த அம்மா பேப்பரை வாங்கிப் பாத்தாங்க, தமிழ் எழுத்து தெரியாது, ஆனா ஒரே வார்த்தைன்னு தெரியுது, எனக்குப் புரிஞ்சுது, நீ சொல்ல வேண்டாம்னு சொல்லி ஐயா பக்கத்துல போய் உக்காந்துட்டாங்க. எதையும் விளக்கல, வசனம் சொல்லி தேத்தல. ஐயா அந்த பேப்பரை மடிச்சு வேதத்துக்குள்ள வச்சுகிட்டார்.

குறைங்களும் இருக்கு, அதை மூடி மறைக்க மாட்டேன். மொழிபெயர்ப்போட போனா நேரம் ரெட்டிப்பாகும், ஒரு மணி நேர பாடம்னா உண்மைல அரை மணி நேர பாடம்தான், இதை கணக்குல எடுக்காம முதல் மாட்யூல்ல அடைச்சு வச்சிருந்தாங்க, மூணாம் நாள் என் தொண்டை கட்டிப்போச்சு. ரெண்டாவது மாட்யூல்ல பாதியா குறைச்சாங்க, ரொம்ப நல்லா இருந்துச்சு.

இன்னொண்ணு, அவங்க சொன்ன உதாரணம் பூரா தனி அறை இருக்கறவங்க வாழ்க்கைல இருந்து வந்தது. கதவைச் சாத்திட்டு, நோட்டை எடுத்து, தினமும் எழுதுங்கன்னா, ஒரே அறைல குடும்பமே இருக்கற, பகல்ல வேற வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் சபை பாக்கற ஆளு என்ன பண்ணுவார்? எழுதற பழக்கமே இல்லாத, எல்லாத்தையும் வாயால சொல்லி காதால வாங்கிப் பழகின தலைவர்கள் எத்தனை பேர்! நாங்க கேட்டப்ப மூணு பேரா உக்காந்து வாயால சொல்றதா மாத்தினாங்க, வேலைக்குப் போற வழில நடந்துகிட்டே பண்ற ஜெபத்தையும் சேத்தாங்க, சங்கீதம் 70ஓட முதல் வசனத்தை நாள் பூரா சொல்லிட்டே இருக்கறது, ஜான் காசியன்ங்கற துறவி அஞ்சாம் நூற்றாண்டுலயே எழுதி வச்ச வழி அது. எழுத்தும் வேணாம் அறையும் வேணாம், இதை முதல் நாளே குடுத்திருக்கலாம்.

ரொம்ப வருத்தப்பட்டது மௌனத்தைப் பத்தி. நீண்ட அமைதி எல்லாருக்கும் நிம்மதி தராது. துன்புறுத்தலைப் பாத்தவங்க, உடைஞ்சு போன வீட்டுல வளந்தவங்க, இழப்பை அழாம அடக்கி வச்சவங்க, அவங்களுக்கு கண்ணை மூடினா என்னென்னவோ மேல வரும். முதல் மாட்யூல்ல ஒரு சகோதரர் அப்படி தாங்க முடியாம வெளிய ஓடிட்டார், யார் அவர்கூட போகணும், அதுக்கப்புறம் யார்கிட்ட அனுப்பணும்னு டீம்கிட்ட எந்த ஏற்பாடும் இல்ல. நான்தான் மைக்கை வச்சுட்டு பின்னாடி ஓடினேன். அடுத்த மாட்யூல்ல இருந்து தமிழ் பேசற கவுன்சலர் ஒருத்தர் கூடவே இருந்தாங்க, மௌனத்தை அஞ்சு நிமிஷம் பத்து நிமிஷம்னு படிப்படியா ஏத்தினாங்க, கண்ணைத் திறந்தே இருக்கலாம், எழுந்து போலாம்னு முன்னாடியே சொன்னாங்க. உங்க தலைவர்களை எந்த பயிற்சிக்கு அனுப்பினாலும் முதல்ல இதைக் கேளுங்க.

அப்புறம் ஒரு தடவை டீம்ல வந்த ஒருத்தர் எல்லாரும் ஜெபத்துல இருக்கும்போது போட்டோ எடுத்தார், ஊர்ல ஆதரிக்கறவங்களுக்கு அனுப்பறதுக்குன்னு. அழற முகத்தை எல்லாம் எடுத்தார். எனக்கு ரொம்ப கோபம் வந்துச்சு, நேராவே சொன்னேன். அந்த அம்மா அங்கயே எல்லாத்தையும் அழிக்க வச்சாங்க, மறுநாள் எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டாங்க. பாஸ்டர்மாரை மட்டும் கூப்பிட்டு அவங்க மனைவிமாரை விட்டதும் தப்பு, சபைல பாதி பாரம் அவங்க தோள்லதான் இருக்கு, ரெண்டாவது வருஷம்தான் சேத்துகிட்டாங்க.

மாட்யூலுக்கு நடுவுல இருக்கற மாசங்கள்தான் உண்மையான சோதனை. ஜூம்ல எல்லாரையும் சேத்து வச்ச மீட்டிங் மெல்ல மெல்ல கரைஞ்சு போச்சு, நெட் இல்ல, நேரம் இல்ல. ஆனா மூணு பேர் போன் கால் நின்னுச்சு. அதுல ரெண்டே கேள்வி, இந்த மாசம் எந்த இடத்துல ஆண்டவர் உன் பக்கத்துல வந்தார், எந்த இடத்துல நீ விலகிப் போன. அறிவுரை சொல்லக்கூடாதுங்கறது சட்டம், போதகர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம்னு போதகர்களுக்குத்தான் தெரியும்! மூணு பேர் பாதில விட்டுட்டாங்க, மத்த பத்தொன்பது பேர் முடிச்சாங்க.

பெரிய சபை கட்டணும், கூட்டம் சேக்கணும்னு நினைக்கறவங்களுக்கு இதுல ஒண்ணும் கிடைக்காது, அதுக்குன்னு அனுப்பாதீங்க. புதுசா ஊழியத்துக்கு வந்தவங்களை விட பத்து வருஷம் தாண்டினவங்களை அனுப்புங்க, அவங்களுக்குத்தான் தாகம் தெரியும். நடத்தறவங்ககிட்ட இதெல்லாம் கேளுங்க: எத்தனை தடவை திரும்பி வருவீங்க, நடுவுல யார் கூட இருப்பாங்க, எப்ப எங்க ஆளுங்க கையில குடுத்துட்டுப் போவீங்க. ஒரே தடவை வந்துட்டுப் போறோம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க.

இவங்க கடைசி மாட்யூல்ல குடுத்துட்டாங்க. அந்த அஞ்சு நாளும் பாடம் எடுத்தது எங்க ஆளுங்கதான், தமிழ்லயே, வந்த டீம் பின்னாடி வரிசைல உக்காந்திருந்தாங்க. மொழிபெயர்க்க எனக்கு வேலையே இல்ல. புலம்பல் செஷனை எடுத்தது அந்த ஐயா. வேதத்துக்குள்ள இருந்து அதே பேப்பரை எடுத்தார், மடிச்ச இடம் கிழிஞ்சு போயிருந்துச்சு, இப்ப அதுல நாலு வரி இருந்துச்சு. முறையீடு ரெண்டு வரி, விண்ணப்பம் ரெண்டு வரி. அதை வாசிச்சு முடிச்சுட்டு, அஞ்சாம் வசனம் எனக்கு இன்னும் வரல, வரும்போது எழுதுவேன், இப்ப நீங்க எழுதுங்கன்னு சொல்லி உக்காந்துட்டார். பேனா எடுத்துட்டு வரலன்னு நான் பக்கத்துல இருந்த தங்கச்சிகிட்ட ஒண்ணு வாங்கினேன்.